எண்ணுவதற்கு முன்னால் பட்டியல்: ஒரு விஞ்ஞானியின் ஆய்வுப் பணியை அளப்பது எப்படி

ஒரு விஞ்ஞானியின் பெயரைக் கொடுத்து, "இவர் எவ்வளவு ஆய்வு செய்திருக்கிறார், யார் யாரோடு சேர்ந்து செய்திருக்கிறார், அதை மற்றவர்கள் எந்த அளவுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று உங்களிடம் ஒருவர் கேட்கிறார். நூலகத்தில் வேலை செய்பவர்களுக்கு, தேர்வுக் குழுக்களுக்கு உதவி செய்பவர்களுக்கு, தன் சொந்த விண்ணப்பத்தைத் தயாரிக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு இந்த வேலை எப்போது வேண்டுமானாலும் வந்து சேரும். பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து, கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் ஒற்றை எண்ணாகச் சுருக்கும் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்று பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு நிமிட வேலை. அந்த எண்ணை வைத்துத்தான் ஒருவருக்கு வேலை கிடைக்கிறது, இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதால் இதை நிதானமாகச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு முழு நாள் ஒதுக்கினால் யாராலும் நன்றாகவே செய்ய முடியும்.

மேற்கோள் என்று நான் சொல்வது சைட்டேஷனை. ஒருவர் தன் கட்டுரையின் கடைசியில் தரும் பட்டியலில் இன்னொருவருடைய கட்டுரையைக் குறிப்பிட்டால் அந்த இன்னொருவருக்கு ஒரு மேற்கோள். பாராட்டிக் குறிப்பிட்டாலும் ஒன்றுதான், தவறு என்று காட்டக் குறிப்பிட்டாலும் ஒன்றுதான், போகிற போக்கில் பெயரைச் சேர்த்திருந்தாலும் ஒன்றுதான். 1955-இல் தகவல் அறிவியலாளர் யூஜின் கார்ஃபீல்ட் இப்படி ஓர் அட்டவணை வேண்டும் என்று எழுதியபோது, ஓர் ஆய்வு அதற்குப் பிறகு எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று தேடிப் பிடிப்பதற்காகத்தான் கேட்டார். 1964-இல் அது சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ் என்று வெளிவந்தது. தேடுவதற்காகச் செய்த கருவி பிற்பாடு ஆட்களை எடைபோடும் கருவியாகவும் ஆகிவிட்டது. இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல சிக்கல்கள் ஏன் வருகின்றன என்று தானாகப் புரியும்.

முதல் படி: என்ன கேள்வி என்று எழுதி வையுங்கள்

ஒரு தாளில் ஒரே ஒரு வரி. "நுண்ணுயிரியல் பேராசிரியர் பணிக்கு வந்திருக்கும் நான்கு பேரை ஒப்பிட வேண்டும்" என்பது ஒரு கேள்வி. "என் பத்து வருட வேலையை நிதிக்குழுவுக்கு விளக்க வேண்டும்" என்பது வேறு கேள்வி. "இந்தத் துறையில் யாரோடு சேர்ந்து வேலை செய்தால் நல்லது" என்பது முற்றிலும் வேறு. முதலாவதற்குத் துறைக்குத் தக்கபடி சரிசெய்த எண்கள் வேண்டும், இரண்டாவதற்கு ஐந்தாறு முக்கியமான கட்டுரைகளின் கதை வேண்டும், மூன்றாவதற்குக் கூட்டாளிகளின் வரைபடம் வேண்டும். கேள்வி தெரியாமல் தொடங்கினால் எல்லா எண்களையும் திரட்டி எதையும் சொல்லாத ஓர் அறிக்கைதான் மிஞ்சும்.

இரண்டாம் படி: கட்டுரைப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

நேரத்தில் பாதி இங்கேதான் போகும், போகத்தான் வேண்டும்.

நான் முதன்முதலில் இப்படி ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தது தாவர நோய்கள் பற்றி ஆராயும் ஒருவருக்கு. தரவுத்தளத்தில் பெயரைத் தேடினேன், 140 கட்டுரைகள் வந்தன, மகிழ்ச்சியோடு மேற்கோள்களைக் கூட்டினேன். அனுப்பப் போகும் நேரத்தில் தற்செயலாகப் பட்டியலின் நடுவே கண்ணை ஓட்டினால், இலைப்புள்ளி நோய் பற்றிய இரண்டு கட்டுரைகளுக்கு நடுவில் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை பற்றி ஒன்று. மேலே போனேன், இன்னும் ஒன்று. ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ள இரண்டு பேரை அந்தத் தரவுத்தளம் ஒருவராக ஒட்டி வைத்திருந்தது. பிரித்துப் பார்த்தபோது அவருடையவை 61 மட்டுமே. அதோடு முடியவில்லை, அவர் திருமணத்துக்கு முன் வேறு பெயரில் எழுதிய ஒன்பது கட்டுரைகள் தனி ஆளின் பெயரில் கிடந்தன. ஆக 70. அந்த 140-ஐ அனுப்பியிருந்தால் அவருக்கு நான் செய்திருக்கக்கூடிய கெடுதலை நினைத்தால் இன்றைக்கும் மனம் படபடக்கும்.

அதனால் வரிசையாக இப்படிச் செய்யுங்கள். அவருடைய ஆர்க்கிட் எண்ணைக் கண்டுபிடியுங்கள். 2012-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் 16 இலக்க அடையாள எண் இலவசமாகக் கிடைக்கும், பெயர் மாறினாலும் நிறுவனம் மாறினாலும் எண் மாறாது. ஆனால் அதில் என்ன இருக்க வேண்டும் என்பது அவர் கையில்தான் இருக்கிறது, பலர் கணக்கைத் திறந்ததோடு விட்டுவிடுவார்கள், ஆகவே அதை மட்டும் நம்ப முடியாது. அப்புறம் அவருடைய சொந்தப் பக்கத்தில் உள்ள பட்டியல், ஸ்கோப்பஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளம் தானாக உருவாக்கியிருக்கும் ஆசிரியர் பக்கம், கூகுள் ஸ்காலர் பக்கம், இவை எல்லாவற்றையும் எடுத்து ஒரே எக்செல் ஷீட்டில் கொட்டுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் அதன் டிஓஐ எண்ணை ஒரு பத்தியில் போடுங்கள். டிஓஐ என்பது கட்டுரைக்கான நிரந்தர முகவரி, அதை வைத்து வரிசைப்படுத்தினால் இரட்டிப்பாக வந்தவை பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். டிஓஐ இல்லாத பழைய கட்டுரைகளையும் புத்தகங்களையும் தலைப்பை வைத்துக் கையால் சரிபார்க்க வேண்டும், வேறு வழி கிடையாது.

சீனம், கொரியம் போன்ற மொழிகளில் சில குடும்பப் பெயர்கள் லட்சக்கணக்கானோருக்குப் பொது. வேறு சில சமூகங்களில் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது, முதலெழுத்து ஓர் ஆய்விதழில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் போகும், மூன்றாவதில் விரிந்து முழுப்பெயராகிவிடும். இப்படிப்பட்டவர்களுக்குத் தானியங்கிப் பட்டியல்கள் இரண்டு விதமாகவும் தவறும், பிறருடையதைச் சேர்க்கும், இவருடையதை விடும். பெயர் பொதுவானதாக இருந்தால் துறை, நிறுவனம், கூட்டு ஆசிரியர்கள் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தாத கட்டுரையை ஓரமாக எடுத்து வைத்து அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

பிறகு ஒவ்வொன்றும் என்ன வகை என்று குறியுங்கள். புதிய ஆய்வு, பிறருடைய ஆய்வுகளைத் திரட்டிச் சொல்லும் தொகுப்புரை, மாநாட்டுக் கட்டுரை, புத்தக அத்தியாயம், தலையங்கம், ஆய்விதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் போடும் முன்பதிப்பு. முன்பதிப்பாக வந்து பின்னால் ஆய்விதழிலும் வந்திருந்தால் அது ஒரே கட்டுரை, இரண்டாக எண்ணக் கூடாது. தொகுப்புரைகள் சராசரியாக மற்றவற்றைவிட அதிகம் மேற்கோள் பெறும் என்பதால் அவற்றைக் கலந்து எண்ணினால் படம் மாறிவிடும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இப்படித் திரும்பப் பெறப்பட்டவற்றைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் திரட்டிய தரவு 2023 முதல், டிஓஐ பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது, டிஓஐ பத்தியை வைத்து ஒப்பிட்டால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: எங்கிருந்து எண்ணை எடுப்பது

ஒரே ஆளுக்கு மூன்று தளங்களில் மூன்று எண்கள் வரும். இதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவார்கள், எது சரி என்று கேட்பார்கள். மூன்றும் அவரவர் கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணுகின்றன, அவ்வளவுதான் விஷயம். வெப் ஆஃப் சயின்ஸும், 2004-இல் வந்த ஸ்கோப்பஸும் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களை மட்டும் உள்ளே விடுபவை, முழுமையாகப் பயன்படுத்தச் சந்தா வேண்டும். அதே 2004-இல் வந்த கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு, அறிக்கை என்று இணையத்தில் அகப்படுவதை எல்லாம் எண்ணும், அதனால் அதில் எண் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், தப்பும் கூடுதலாக இருக்கும். 2022-இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் இலவசம், தரவை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம், அலெக்ஸாண்ட்ரியா நூலகத்தின் நினைவாக வைத்த பெயர். சந்தா இல்லாதவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஆசிரியர்களைப் பிரித்தறிவதில் இதுவும் தவறும், அதற்காகத்தான் இரண்டாம் படியில் அவ்வளவு பாடுபட்டோம். பட்டியல் உங்கள் கையில் சுத்தமாக இருந்தால் டிஓஐ வாரியாக மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், கடைசி வரை அதிலேயே இருங்கள். ஒருவருக்குக் கூகுள் ஸ்காலர், இன்னொருவருக்கு ஸ்கோப்பஸ் என்று எடுத்து ஒப்பிட்டால் அது அளவே இல்லை. துறையையும் யோசித்துப் பாருங்கள். கணினி அறிவியலில் முக்கியமான வேலைகள் மாநாட்டுத் தொகுதிகளில் வருகின்றன, வரலாறும் இலக்கியமும் போன்ற துறைகளில் புத்தகமாக வருகின்றன. ஆய்விதழ்களை மட்டும் எண்ணும் தரவுத்தளத்தில் இவர்கள் பாதி ஆளாகத்தான் தெரிவார்கள்.

நான்காம் படி: எளிய எண்கள்

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒருவருக்குப் பத்துக் கட்டுரைகள், மேற்கோள்கள் இறங்கு வரிசையில் 120, 64, 33, 18, 11, 9, 7, 5, 2, 0 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 269. சராசரி 26.9. இந்தச் சராசரியை அப்படியே எழுதினால் அவருடைய ஒரு கட்டுரை சாதாரணமாக 27 மேற்கோள் பெறுகிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் பத்தில் மூன்று மட்டுமே அந்த அளவைத் தாண்டியிருக்கின்றன, நடுவில் நிற்கும் மதிப்பு 10, மொத்தத்தில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தை முதல் கட்டுரை ஒன்றே கொண்டுவந்திருக்கிறது. மேற்கோள் எப்போதும் இப்படித்தான் பரவியிருக்கும், சில கட்டுரைகளுக்கு மலை போல, பலவற்றுக்குக் கொஞ்சம், சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. அதனால் சராசரியைத் தனியாக எழுதாதீர்கள், நடு மதிப்பையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இதே பட்டியலில் எச்-இன்டெக்ஸைக் கையால் பார்க்கலாம். மேலிருந்து வரிசை எண் போட்டுக்கொண்டே வாருங்கள். ஏழாவது கட்டுரைக்கு 7 மேற்கோள், சரி. எட்டாவதற்கு 5 தான், எட்டுக்குக் குறைவு. ஆக எச் 7. குறைந்தது ஏழு மேற்கோள் பெற்ற ஏழு கட்டுரைகள் இருக்கின்றன என்று பொருள். கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ10 என்பது பத்தோ அதற்கு மேலோ மேற்கோள் பெற்றவற்றின் எண்ணிக்கை, இங்கே 5. இப்போது அந்த 120-ஐ 1,200 என்று மாற்றிப் பாருங்கள், எச் அதே 7 தான். ஒரு துறையையே திருப்பிப்போட்ட கட்டுரை ஒன்றை எழுதியவருக்கு இந்த அளவில் அதற்கான இடம் கிடையாது. அதோடு எச் ஒருபோதும் குறையாது, ஆய்வை நிறுத்திவிட்டவருக்கும் ஏறிக்கொண்டே போகும், அதனால் வயதில் மூத்தவருக்கு எப்போதும் சாதகம்.

இதைக் கொண்டுவந்தவர் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ், 2005-இல். ஒற்றை எண் ஒருவருடைய பல பக்கங்கள் கொண்ட பணியைத் தோராயமாகத்தான் காட்டும் என்று அந்தக் கட்டுரையிலேயே அவர் எச்சரித்திருந்தார். அதில் அவர் கொடுத்த எடுத்துக்காட்டுகளை நான் புதியவர்களுக்கு எப்போதும் காட்டுவேன்: இயற்பியலில் எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிரியலில் சாலமன் ஸ்னைடருக்கு 191. இருவருமே அவரவர் துறையின் உச்சியில் இருந்தவர்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று கேட்டால் அந்தக் கேள்விக்கே பொருள் இல்லை என்று சட்டென்று விளங்கும்.

தன் மேற்கோளையும் இங்கேயே பிரித்துவிடுங்கள். தான் எழுதியதைத் தானோ தன் கூட்டு ஆசிரியரோ குறிப்பிடுவது தவறில்லை, தொடர்ச்சியான ஆய்வில் அது இயல்பாக வரும். ஆனாலும் அதைச் சேர்த்து ஒரு முறை, நீக்கி ஒரு முறை என இரண்டு எண்ணும் அறிக்கையில் இருக்கட்டும். நீக்கியதும் எண் பாதியாக இறங்கினால் ஏன் என்று பார்க்க வேண்டும். முதல் கட்டுரை வந்த ஆண்டையும் எழுதுங்கள், இடையில் குழந்தைப்பேறு, நோய், வேறு வேலை என்று இடைவெளி இருந்தால் அவருடைய சம்மதத்தோடு அதையும் எழுதுங்கள்.

ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது அந்த இதழின் அண்மைக் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் எண்ணை, ஆளின் மேல் ஏற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற ஆய்விதழின் எண் 2-ஐ ஒட்டியே இருந்துவந்தது, 2009-க்கான கணக்கில் திடீரென்று 49-ஐத் தாண்டியது. காரணம் ஒரே ஒரு கட்டுரை: படிகங்களின் அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளின் வரலாற்றைச் சொல்லி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-இல் எழுதியது. அந்த மென்பொருளைப் பயன்படுத்திய எல்லோரும் அதைக் குறிப்பிட்டார்கள். அதே ஆண்டு அதே இதழில் எழுதிய மற்றவர்களின் வேலை அதனால் இருபது மடங்கு உயர்ந்துவிடவில்லை. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனம் இதைத்தான் வெளிப்படையாகச் சொன்னது, இதழின் எண்ணை வைத்து ஆளையோ கட்டுரையையோ மதிப்பிடாதீர்கள் என்று.

ஐந்தாம் படி: துறைகளுக்கு நடுவே ஒப்பிடுவது

கணிதத்தில் ஒரு கட்டுரையில் இருபது குறிப்புகள் இருக்கலாம், உயிரணு உயிரியலில் அறுபது இருக்கலாம். ஆய்வாளர்களின் எண்ணிக்கை வேறு, கட்டுரை வெளிவரும் வேகம் வேறு, பழைய கட்டுரைகளை எவ்வளவு காலம் குறிப்பிடுகிறார்கள் என்பதும் வேறு. ஒரு துறையில் சுற்றிவரும் மேற்கோள்களின் மொத்த அளவே வேறாக இருக்கும்போது தனித்தனி எண்களை எப்படி ஒப்பிடுவது? ஒவ்வொரு கட்டுரையையும் அதே துறை, அதே ஆண்டு, அதே வகையைச் சேர்ந்த மற்றக் கட்டுரைகளோடு வைத்துப் பார்த்துத்தான்.

எடுத்துக்காட்டுக்கு நானே எண்களை வைத்துச் சொல்கிறேன். ஒரு கணிதக் கட்டுரைக்கு 12 மேற்கோள், அந்த ஆண்டில் அந்தத் துறையின் சராசரி 4. பன்னிரண்டை நான்கால் வகுத்தால் 3, அதாவது எதிர்பார்த்ததைப் போல மூன்று மடங்கு. ஓர் உயிரணு உயிரியல் கட்டுரைக்கு 40 மேற்கோள், துறைச் சராசரி 50. வகுத்தால் 0.8. வெறும் எண்ணில் 40 பெரியது, துறைக்குள் வைத்துப் பார்த்தால் 12 தான் முன்னால் நிற்கிறது. ஸ்கோப்பஸில் இந்த வகுத்தல் எண்ணுக்கு எஃப்டபிள்யுசிஐ என்று பெயர், 1 என்றால் உலகச் சராசரி. ஓப்பன்அலெக்ஸும் ஒவ்வொரு கட்டுரைக்கும் இதைத் தருகிறது. மருத்துவமும் உயிரியலுமாக இருந்தால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் என்ற இலவசக் கருவியில் ஆர்சிஆர் என்ற எண் கிடைக்கும். அது துறையை ஆய்விதழின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், அந்தக் கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் மற்றக் கட்டுரைகளை வைத்து முடிவு செய்கிறது, எனக்கு இது நல்ல யோசனையாகப் படுகிறது.

ஆனால் வகுப்பதற்குச் சராசரியைப் பயன்படுத்துவதால் மேலே சொன்ன மலைச் சிக்கல் இங்கேயும் வரும். ஒரே ஒரு பிரபலமான கட்டுரை அவருடைய மொத்த எண்ணையும் தூக்கி நிறுத்திவிடும். அதனால் நான் அதிகம் நம்புவது சதமான இடத்தை: அந்தத் துறையின் அந்த ஆண்டுக் கட்டுரைகளை வரிசைப்படுத்தினால் இது எந்த இடத்தில் நிற்கிறது? "61 கட்டுரைகளில் 11, தத்தம் துறையின் முதல் 10 சதவீதத்துக்குள் வருகின்றன" என்று எழுதினால் எந்தத் துறைக்காரரும் படித்துப் புரிந்துகொள்வார். எல்லாம் சமமாக அமைந்திருந்தால் 61-இல் ஆறு மட்டுமே அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதும் அவருக்கே தெரியும்.

கருவி எதுவும் கையில் இல்லையா? கையாலேயே செய்யலாம். அந்தக் கட்டுரை வந்த துறையில் மூன்று நான்கு முக்கிய ஆய்விதழ்களை எடுங்கள், அதே ஆண்டில் வந்த அதே வகைக் கட்டுரைகளைப் பட்டியலிடுங்கள், மேற்கோள் எண்ணிக்கையில் வரிசைப்படுத்துங்கள், உங்களுடையது 200-இல் 14-ஆவதாக நின்றால் முதல் 7 சதவீதம். ஒரு கட்டுரைக்கு அரை மணி நேரம் ஆகும். ஐந்து முக்கியமான கட்டுரைகளுக்குச் செய்தால் போதும்.

கடைசி இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகளை இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவையுங்கள், இரண்டு மேற்கோள் கூடினாலே இடம் தாவிவிடும். பலதுறை ஆய்வாளர் என்றால் அவருடைய கட்டுரைகளை முழுவதும் ஒரே துறையில் தள்ளாதீர்கள், ஒவ்வொன்றையும் அதனதன் துறையில் வைத்துப் பாருங்கள். அவர் எத்தனை துறைகளைத் தொடுகிறார் என்று தெரிய வேண்டுமானால், அவர் குறிப்பிடும் கட்டுரைகள் எந்தெந்தத் துறையிலிருந்து வருகின்றன, அவரைக் குறிப்பிடுபவர்கள் எந்தெந்தத் துறையில் இருக்கிறார்கள் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். வேதியியலும் உயிர்வேதியியலும் பக்கத்து வீடுகள், வேதியியலும் சட்டமும் அப்படி இல்லை. எத்தனை துறை என்ற எண்ணோடு அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பலதுறைத் தன்மை தெரியும்.

ஆறாம் படி: யாரோடு சேர்ந்து

2015-இல் ஹிக்ஸ் போசான் என்ற துகளின் நிறையை அளந்து அட்லஸ், சிஎம்எஸ் ஆகிய இரண்டு துகள் இயற்பியல் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். இந்த ஒரு கட்டுரையைக் கூட்டாளி வரைபடத்தில் போட்டால் 1 கோடியே 32 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகள் உண்டாகும், பெரும்பாலானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கக்கூட வாய்ப்பில்லை. ஆகவே கூட்டு ஆசிரியர் என்றாலே நெருங்கி வேலை செய்தவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்குப் பழைய தீர்வு பங்கு பிரிப்பது. நான்கு பேர் எழுதியதில் ஆளுக்குக் கால் கட்டுரை. இருவர் இருவராக ஆறு கட்டுரை எழுதியவருக்கு 3 வரும், பத்துப் பத்துப் பேராக இருபது கட்டுரை எழுதியவருக்கு 2 வரும். முழு எண், பங்கு எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள், எந்த மாதிரியான வேலை என்று ஒரே பார்வையில் தெரியும். பங்கைச் சமமாகப் பிரிப்பதும் நியாயம் என்று சொல்லிவிட முடியாது. உயிரியலில் முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர் என்பது வழக்கம். கணிதத்திலும் பொருளியலிலும் துகள் இயற்பியலிலும் பெரும்பாலும் அகர வரிசை, அங்கே முதல் பெயருக்கு எந்தச் சிறப்பும் இல்லை. ஒரு கணிதவியலாளரிடம் "நீங்கள் ஏன் முதல் ஆசிரியராக இல்லை" என்று ஒரு குழு கேட்டால் அது அவர் பெயரின் முதல் எழுத்தைக் குற்றம் சொல்வதுதான். பல ஆய்விதழ்கள் இப்போது கிரெடிட் என்ற முறையில் 14 வகைப் பங்களிப்புகளைப் பிரித்து யார் என்ன செய்தார் என்று கட்டுரையின் முடிவில் போடுகின்றன. இருக்கும் இடத்தில் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் வரிசையிலிருந்து ஊகிப்பதைவிட எவ்வளவோ மேல்.

வரைபடத்துக்கு விஓஎஸ்வியூவர் போதும். லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள். தரவுத்தளத்திலிருந்து இறக்கிய கோப்பைக் கொடுத்துக் கூட்டு ஆசிரியர் வரைபடம் என்று தேர்ந்தெடுத்தால், ஓர் ஆவணத்துக்கு 25 ஆசிரியர்களுக்கு மேல் இருந்தால் விட்டுவிடவா என்று அதுவே கேட்கும், பங்குமுறையில் எண்ணவும் வழி உண்டு. படம் அழகாக வரும், அழகைப் பார்த்து மயங்கிவிடாமல் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் யார், ஒரு முறை மட்டும் வந்து போனவர்கள் எத்தனை பேர்? முனைவர் பட்ட வழிகாட்டி இல்லாமல் எழுதிய கட்டுரைகள் எந்த ஆண்டிலிருந்து தொடங்குகின்றன? ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கூட்டங்களுக்கு நடுவே இவர் பாலமாக நிற்கிறாரா? மண் நுண்ணுயிரிகளை ஆராயும் ஒருவர் ஒருபக்கம் வேளாண் ஆய்வாளர்களோடும் இன்னொருபக்கம் புள்ளியியலாளர்களோடும் எழுதுகிறார், அந்த இரண்டு கூட்டமும் தங்களுக்குள் ஒரு கட்டுரைகூட எழுதவில்லை என்றால், அவரை எடுத்துவிட்டால் படம் இரண்டாகப் பிளக்கும். எச்-இன்டெக்ஸில் இது கண்ணுக்கே தெரியாது. இப்படி ஒருவரைக் கண்டால் அறிக்கையில் அதற்கென்று ஒரு பத்தி எழுதுங்கள்.

ஏழாம் படி: மேற்கோளைத் திறந்து படியுங்கள்

எல்லாவற்றையும் படிக்க முடியாது. அதிகம் மேற்கோள் பெற்ற மூன்று கட்டுரைகளை எடுத்து, அவற்றைக் குறிப்பிட்ட கட்டுரைகளில் இருபது இருபதாக அங்கங்கே பொறுக்கி, எந்த வரியில் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். உலகிலேயே அதிகம் மேற்கோள் பெற்றதாக அறியப்படும் கட்டுரை 1951-இல் ஆலிவர் லௌரியும் சக ஆய்வாளர்களும் எழுதியது, கரைசலில் உள்ள புரதத்தின் அளவைக் காணும் ஒரு முறை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். பெரிய கோட்பாடு எதுவும் அதில் இல்லை, ஆய்வகத்தில் தினமும் தேவைப்பட்ட ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது. அது ஒரு பெரும் பங்களிப்பு, ஆனால் அது எந்த மாதிரிப் பங்களிப்பு என்பதைப் படித்தால்தான் சொல்ல முடியும். மறுபக்கம், தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998-இல் லான்செட்டில் எழுதி, 2010-இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்கும் ஏராளமான மேற்கோள்கள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி அதை மறுத்து எழுதியவை. எண்ணும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

மேற்கோளே வராத கட்டுரைகளையும் ஒரு கண் பாருங்கள். மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு 1866-இல் அச்சாகி, 1900-இல்தான் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. உங்கள் முன்னால் இருப்பதும் அப்படிப்பட்டதா என்று எண்ணால் சொல்ல முடியாது, அந்தத் துறை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கேட்கலாம்.

எட்டாம் படி: எழுதுவது

ஒரு பக்கம் போதும். மேலே தரவுத்தளத்தின் பெயரும் எண்ணை எடுத்த தேதியும். இது இல்லாத எண் மூன்று மாதத்தில் யாருக்கும் பயன்படாது. கீழே எத்தனை கட்டுரை, முழு எண்ணும் பங்கு எண்ணும். துறைக்குள் முதல் 10 சதவீதத்தில் எத்தனை, தன் மேற்கோள் சேர்த்தும் நீக்கியும். எச் கேட்டிருந்தால் கொடுங்கள், பக்கத்தில் அவர் ஆய்வைத் தொடங்கிய ஆண்டோடு. கூட்டாளிகள் பற்றி நான்கைந்து வரி. நீங்கள் படித்துப் பார்த்த மூன்று கட்டுரைகளைப் பற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, மற்றவர்கள் அவற்றை எதற்காகக் குறிப்பிடுகிறார்கள் என்று. எந்த எண்ணுக்கும் இரண்டு தசம இடம் வேண்டாம், 1.37 என்று எழுதினால் அவ்வளவு நுட்பமாக அளந்தது போல ஒரு தோற்றம் வந்துவிடும், 1.4 போதும்.

அனுப்புவதற்கு முன் கட்டுரைப் பட்டியலை, பட்டியலை மட்டும், அந்த விஞ்ஞானிக்கே அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆய்வை எண்களால் அளப்பதற்கு நெறி சொல்லி 2015-இல் வந்த லைடன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளில் இதுவும் ஒன்று, அளக்கப்படுபவருக்குத் தரவைச் சரிபார்க்கும் வாய்ப்பு வேண்டும். தாவர நோய்க்காரருக்கு நான் அந்த 70-ஐ அனுப்பியபோது மறுநாளே பதில் வந்தது: இரண்டு விடுபட்டிருக்கின்றன, ஒன்று என்னுடையது இல்லை. சேர்த்து, நீக்கி, எல்லா எண்ணையும் மறுபடி போட்டு, தேதியை மாற்றி, 71 கட்டுரைகளோடு அனுப்பினேன்.